பேஸ் கிட்டாரில் ஒரே டோனை ஒவ்வொரு முறையும் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். உங்களிடம் இருப்பது ஜாஸ் பேஸ் வகை: இரண்டு வால்யூம் நாப் (திருப்பும் குமிழ்), ஒரு டோன் நாப். வீட்டில் டோன் நாபைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் நீங்கள் விரும்பும் சத்தம் வருகிறது. அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் மெல்லிசைக் கச்சேரி மேடையில் அதே புள்ளிக்குத் திருப்பினாலும் அந்தச் சத்தம் வருவதில்லை, ஒரு நாள் மந்தமாகவும் இன்னொரு நாள் கூர்மையாகவும் இருக்கிறது. ஆக்டிவ் பேஸுக்கு (சிக்னலைப் பலப்படுத்தும் ப்ரீஆம்ப் சுற்று உள்ளேயே பேட்டரியில் ஓடும் பேஸ்) மாறினால் தீருமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. நாப் உண்மையிலேயே அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்பது ஒன்று. நாப் அதே இடத்தில் இருந்தும் சத்தம் ஏன் மாறுகிறது என்பது இன்னொன்று. முதலாவதை ஒரு மாலை நேரத்தில் சரிசெய்துவிடலாம். பலரைப் பாடாய்ப் படுத்துவது இரண்டாவதுதான், அதற்கு நாபில் எத்தனை புள்ளி வைத்தாலும் பலனில்லை. நான் பல வருடங்களாகக் கிட்டார், பேஸ் இவற்றின் வயரிங்கும் செட்டப்பும் செய்துவருகிறேன். வேலையில் பார்த்ததையும், அந்த மின்சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் வைத்துச் சொல்கிறேன்.

உங்களுடையது போன்ற, பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸில் டோன் நாப் எதையும் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. அதன் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) சில ஹென்றி அளவில் இருக்கும். ஆம்ப் வரை போகும் கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) உண்டு, பொதுவாக மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு முகட்டை, அதாவது அந்த அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாகக் கேட்கும் இடத்தை, உண்டாக்குகின்றன. விரல் ஸ்ட்ரிங்கை விடும்போது கேட்கும் அந்த 'டக்', ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஸ்ட்ரிங் படும் பளபளப்பு இதெல்லாம் அந்த முகட்டையொட்டித்தான் இருக்கின்றன. டோன் நாபுக்கு அடியில் இருப்பது ஒரு 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், இனி பாட் என்றே சொல்கிறேன். அதனுடன் பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தொடராக இணைந்து, ட்ரெபிள் (உயர்ந்த அதிர்வெண் ஒலி) எர்த்துக்கு இறங்க ஒரு வழி போட்டுக் கொடுக்கிறது. நாப் 10-இல் இருக்கும்போது அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும். நாபை இறக்க இறக்க முதலில் முகடு தட்டையாகும், அப்புறம் ட்ரெபிள் குறையத் தொடங்கும். கடைசியில் பூஜ்யத்தை நெருங்கும்போது கெப்பாசிட்டர் நேரடியாகப் பிக்கப்போடு சேர்ந்து 300, 400 ஹெர்ட்ஸ் வாக்கில் வேறொரு சின்ன முகட்டை எழுப்பும். டோனை முழுக்க மூடினால் வெறும் மந்தமாக இல்லாமல் தடிமனாக, உருண்டையாகச் சத்தம் வருவது இதனால்தான்.

அதாவது நாபின் ஒரே சுற்றுக்குள் மூன்று விதமான வேலை நடக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் அந்த வேலைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பகுதி. முழுக்கத் திறந்த நிலைக்கும் முழுக்க மூடிய நிலைக்கும் நாப் முட்டி நிற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அங்கே யார் திருப்பினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். நடுவில் அப்படி எதுவும் இல்லை.

பாட் எந்த வகை என்பதும் முக்கியம். அதன் முதுகில் A250K அல்லது B250K என்று அச்சிட்டிருப்பார்கள். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் A என்றால் லாக் வகை, B என்றால் லீனியர். லாக் வகையில் பாதிச் சுற்றில் மொத்த ரெசிஸ்டன்ஸில் 10 முதல் 15 சதவீதம்தான் இருக்கும், அதாவது 25 முதல் 40 கிலோ ஓம் வரை. லீனியரில் பாதிச் சுற்றில் 125 கிலோ ஓம். டோன் சுற்றில் காதுக்குத் தெளிவாகத் தெரியும் மாற்றம் ஏறக்குறைய 100 கிலோ ஓமுக்குக் கீழேதான் நடக்கிறது. லாக் பாட்டில் அந்த மாற்றம் சுற்று முழுக்க ஓரளவு பரவியிருக்கும். லீனியரில் 10-இலிருந்து 4 வரை பெரிதாக ஒன்றும் நடக்காது, பிறகு கடைசிச் சின்னப் பகுதியில் எல்லாம் கொட்டிவிடும். அந்த இடத்தில் நாப் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வேறு சத்தம். விலை குறைந்த சில பேஸ்களில் டோனுக்கு B வகை மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அப்படி இருந்தால் முதலில் அதை A250K-ஆக மாற்றுங்கள். பெரிய செலவில்லாத வேலை, ஆனால் நடுப்பகுதியில் டோன் பிடிப்பது உடனே எளிதாகும். இன்னொன்று: பாட்களில் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பது சாதாரணம். 250 என்று அச்சிட்டது 200-ஆகவும் இருக்கலாம், 300-ஆகவும் இருக்கலாம். அதனால் நண்பர் தன் பேஸில் டோனை 5-இல் வைக்கிறார் என்பது உங்களுக்கு உதவாது.

நீங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்ட ஒன்று, வால்யூம் நாப்கள் எங்கே இருக்கின்றன என்பது. என் அனுபவத்தில் டோன் மாறிவிட்டது என்று கொண்டுவரப்படும் ஜாஸ் பேஸ்களில் பாதிக்குமேல் வால்யூமில்தான் காரணம் இருக்கிறது. இரண்டு பிக்கப்பும் முழுக்கத் திறந்திருக்கும்போது அவை இணையாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஸ்ட்ரிங்கின் வெவ்வேறு இரண்டு இடங்களிலிருந்து வரும் ஒலி சேரும்போது நடு அதிர்வெண்களில் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தக் குழிவான சத்தம்தான் ஜாஸ் பேஸின் அடையாளம். ஒன்றை 10-இலிருந்து 8-க்கு இறக்கினாலே அந்தக் குழி நிரம்பத் தொடங்கும். இரண்டும் முழுக்கத் திறந்திருக்கும்போது அடங்கியிருந்த இரைச்சலும் மெல்லத் தலைகாட்டும். அதோடு, வால்யூமைக் குறைத்தால் பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸ் வந்து உட்காருகிறது. அதுவும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து இன்னொரு டோன் கண்ட்ரோல் மாதிரி ட்ரெபிளைத் தின்னும். ஆகவே வால்யூம் 10-இல் இருக்கும்போது வைத்த டோன் புள்ளியும், வால்யூம் 7-இல் இருக்கும்போது அதே புள்ளியும் ஒரே சத்தம் தராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் வால்யூம்களை எல்லையில் நிறுத்துங்கள்: இரண்டும் முழுக்க, அல்லது ஒன்று முழுக்கத் திறந்து மற்றது முழுக்க மூடி. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கையாலும் ஆம்பாலும் நடக்கட்டும். வால்யூம் நிலையானால்தான் டோன் புள்ளிக்கு ஒரு பொருள் வரும்.

அடுத்தது கேபிளும், அது போய்ச் சேரும் இடமும். வீட்டில் 3 மீட்டர் கேபிள், மேடையில் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கெப்பாசிட்டன்ஸ் 300-லிருந்து 1000 பிகோஃபாரட் ஆகிவிடும். பிக்கப் 5 ஹென்றி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருந்த முகடு 2-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். உங்கள் பிக்கப்பில் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் மாறும் திசை இதுதான். வயர்லெஸ் போட்டால் இதற்கு எதிர்ப்பக்கம் நடக்கும், நடுவில் நீளமான கேபிள் இல்லாததால் பளபளப்பு கூடும். இதைவிட மோசமான ஒன்றை நம் மேடைகளிலும் சர்ச்களிலும் அடிக்கடி பார்க்கிறேன். பேஸ் ஆம்ப் இல்லாத இடத்தில் மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகக் குத்திவிடுவார்கள். பேஸ் ஆம்பின் இன்புட் பெரும்பாலும் 1 மெகா ஓம் பக்கம் இருக்கும், மிக்சரின் லைன் இன்புட் 10, 20 கிலோ ஓம்தான். பாஸிவ் பிக்கப்பின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றினால் முகடு படுத்துவிடும். நாபைத் தொடாமலேயே டோனைக் கீழே இறக்கியதற்குச் சமம் அது. ஒரு நாள் மந்தமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இது என் ஊகம், அந்த நாளில் எதில் குத்தினீர்கள் என்பதை நீங்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (பிக்கப்பின் மேல் பாரம் ஏறாமல் சிக்னலை மிக்சருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்றைச் சொந்தமாகப் பையில் வைத்துக்கொள்வது, அல்லது மிக்சரில் கிட்டாருக்கென்று இருக்கும் ஹை-இசட் (பாரம் ஏற்றாத உயர் ரெசிஸ்டன்ஸ்) சேனலைக் கேட்டு வாங்குவது, இரண்டில் ஒன்று போதும். ஒரே கேபிளை எல்லா இடத்துக்கும் எடுத்துப்போங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அதே நீளக் கேபிள்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சாதனத்தின் குறை அல்ல. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள், மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்கள் நம் காதுக்கு மிகக் குறைவாகவே கேட்கின்றன என்று காட்டின. பேஸின் திறந்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக அடக்கி வாசிக்கும்போது அந்த அடிநாதம் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. அதை ஈடுகட்ட டோனை இறக்கிச் சத்தத்தைத் தடிமனாக்குகிறீர்கள். மேடையில் முழுச் சத்தத்தில் அடிநாதம் தானாகவே நிறைந்து வரும்போது அதே டோன் சேறாகிவிடும். வீட்டில் வைத்த புள்ளி வீட்டுக்குத்தான். மேடைக்கான புள்ளியை மேடைச் சத்தத்தில், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஓடும்போதுதான் குறிக்க வேண்டும்.

ஸ்ட்ரிங்கும் கையும் டோன் நாபைவிடப் பெரிய டோன் கண்ட்ரோல்கள். புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் மாட்டிய முதல் வாரத்தில் இருக்கும் மணிச்சத்தம், நம் ஊர் வியர்வைக்கு வெகு சீக்கிரம் மங்கிவிடும். அந்த மங்கலைச் சரிக்கட்ட நாபை ஏற்றுவோம், புது ஸ்ட்ரிங் மாட்டியதும் இறக்குவோம். அப்போது உங்கள் நகப்பூச்சுப் புள்ளி எந்த வாரத்துக்கு உரியது? டோன் மாறவே கூடாது என்பவர்களுக்கு நான் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கைத்தான் பரிந்துரைப்பேன், அது வருடக்கணக்கில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதற்கு நல்ல உதாரணம். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்குகள், பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம்) மூடிக்கு அடியில் ஃபோம், வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும். ஸ்ட்ரிங்கை அவர் சுலபத்தில் மாற்றமாட்டார். நாப்களை முழுக்கத் திறந்தே வைத்திருப்பார் என்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சத்தம் பதிவுக்குப் பதிவு மாறாமல் இருந்ததற்கு நாபில் எந்த ரகசியமும் தேவைப்படவில்லை. இதற்கு நேரெதிர்ச் சத்தம் ஜாஸ் இசையின் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸுடையது. ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸில் ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை முன்னிறுத்தி, விரல்களும் அதன் அருகிலேயே. கை எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே பாதி டோன். நீங்களே சோதித்துப் பாருங்கள்: நாபைத் தொடாமல், கையைக் கழுத்தின் ஓரத்திலிருந்து பிரிட்ஜ் வரை மெல்ல நகர்த்தி ஒரே நோட்டை வாசியுங்கள். அந்த வித்தியாசத்தைக் கேட்ட பிறகு, கட்டைவிரலை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே பிக்கப்பின் விளிம்பில் ஊன்றும் பழக்கம் தானாக வரும்.

இப்போது நாபின் இயந்திரப் பக்கம். நாபை அழுத்திப் பிடித்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்டு திரும்பாமல் நாப் மட்டும் வழுக்குகிறதா? பக்கவாட்டுத் திருகு உள்ள நாபாக இருந்தால் ஆலன் கீ அல்லது சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். பிளந்த தண்டின் மேல் வெறுமனே அழுத்தி மாட்டும் நாபாக இருந்தால், அதைக் கழற்றிப் பிளவை மிக லேசாக விரித்தால் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் தண்டு உடைந்துவிடும். பாட்டே மொத்தமாகச் சுற்றினால் அதன் நட் தளர்ந்திருக்கிறது, அப்படியே விட்டால் உள்ளே வயர் முறுகி அறுந்துபோகும். நட்டை இறுக்கும்போது பின்னாலிருந்து பாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரகரப்பு இருந்தால் பாட்களுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாகத் தெளித்து நாபைப் பலமுறை முழுச் சுற்றுத் திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். கை பட்டாலே நாப் நகர்ந்துவிடுகிறது என்றால், நாபுக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் ஒன்றைப் போடுங்கள், திருப்புவது கொஞ்சம் கடினமாகி, வைத்த இடத்தில் நிற்கும். புள்ளி வைப்பதென்றால் நாபில் மட்டும் போதாது, தகட்டிலும் எதிரே ஒன்று வேண்டும். வாசிக்கும் நிலையில் மேலிருந்து பார்த்தபடியே இரண்டையும் குறியுங்கள், சாய்ந்து பார்த்தால் இடம் தப்பும். அப்புறம் ஒரு பழக்கம்: புள்ளிக்கு எப்போதும் ஒரே திசையிலிருந்து வாருங்கள். முழுக்க மூடிவிட்டு அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகு நடுப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட சத்தம்தான் வேண்டும் என்றால், எனக்குப் பிடித்த தீர்வு பாட்டையே எடுத்துவிட்டு ஆறு நிலை ரோட்டரி சுவிட்ச் மாட்டுவது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிலையான ரெசிஸ்டர்: 270, 100, 47, 22, 10 கிலோ ஓம், கடைசி நிலையில் ரெசிஸ்டர் இல்லாமல் நேர் இணைப்பு. கெப்பாசிட்டர் பழையதே. சுவிட்ச் டக் டக்கென்று விழும் இடங்கள் இருட்டிலும் விரலுக்குத் தெரியும், அடுத்த வருடமும் அதே சத்தம்தான் வரும். உங்கள் விருப்ப இடத்துக்கு எந்த ரெசிஸ்டர் என்று அறிய, இப்போதிருக்கும் பாட்டிலேயே அளந்துவிடலாம். கேபிளைக் கழற்றிவிட்டு, நாபைப் பிடித்த இடத்தில் வைத்து, பாட்டில் வயர் போட்டிருக்கும் இரண்டு கால்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்து ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தை விடாது என்பதால் சுற்றின் மற்ற பாகங்கள் அந்த அளவைக் கெடுக்காது. காட்டும் எண்ணுக்கு நெருக்கமான ரெசிஸ்டரை ஒரு நிலையில் போட்டுவிட்டால் அந்தச் சத்தம் உங்களுக்கு நிரந்தரம். பேஸைத் திறக்க மனமில்லையென்றால், டோனை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஒரு ப்ரீஆம்ப் பெடலில் ட்ரெபிளைக் குறையுங்கள். இது டோன் நாபின் சத்தத்துக்கு அச்சு அசலாக வராது, ஏனென்றால் பெடல் முகட்டைத் தட்டையாக்குவதில்லை, வந்த ஒலியை வடிகட்ட மட்டுமே செய்கிறது. பதினொரு பேர் வாசிக்கும் மேடையில் இந்த வித்தியாசம் யாருக்கும் கேட்காது என்பது என் எண்ணம். தனியாக ஒலிப்பதிவு செய்யும்போது கேட்கும்.

ஆக்டிவ் பேஸ் விஷயம். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் இந்த வழியைப் பிரபலமாக்கியது. உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருப்பதால் கேபிள் நீளமும் மிக்சரின் பாரமும் டோனை அதிகம் தொடாது. உங்கள் பிரச்சினையின் ஒரு பகுதி உண்மையில் தீரும். ஆனால் ஒரு டோன் நாபுக்குப் பதில் தாழ்ந்த ஒலிக்கு பேஸ், நடுவுக்கு மிட், உயர்ந்ததற்கு ட்ரெபிள் என்று இரண்டோ மூன்றோ வந்துவிடும். பல மாடல்களில் நடுவில் ஒரு சின்னத் தடுப்பு வைத்திருப்பார்கள், அங்கே நிறுத்தினால் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. அந்த ஓர் இடத்தை நம்பலாம், மற்ற இடங்களில் பழைய கதைதான். பேட்டரி இறங்கினால் சத்தம் உடையத் தொடங்கும். ஜாக்கைக் குத்தியே வைத்திருந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி தீரும். டோன் நிலைக்காக மட்டும் புது பேஸ் வாங்குவது வீண் செலவு என்பேன். ஆக்டிவ் டி.ஐ. அல்லது ப்ரீஆம்ப் பெடல் ஒன்றைக் குட்டைக் கேபிளில் இணைத்தால் அதே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

இதில் விவாதத்துக்கு உரியவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். காகிதமும் எண்ணெயும் கொண்ட பழைய பாணிக் கெப்பாசிட்டர் போட்டால் டோன் இனிமையாகும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். கெப்பாசிட்டரின் மதிப்பு மாறினால் சத்தம் மாறும், இது உறுதி. ஒரே மதிப்பை அளந்து எடுத்து வகையை மட்டும் மாற்றும்போது என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. வேறு காதுகளுக்குத் தெரியலாம், ஆனால் நிலைத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் பேஸைக் கையில் வாங்கிப் பார்க்காமல், தேய்ந்த பாட்டா, தளர்ந்த நாபா, மிக்சர் இன்புட்டா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. வால்யூம் இரண்டும் முழுக்கத் திறந்து, டோன் புள்ளியில், அதே கேபிளில், அதே ஆடியோ இன்டர்ஃபேஸில் (பேஸைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒரு சின்ன இசைப் பத்தியை இன்று பதிவு செய்யுங்கள். கையை ஒரே இடத்தில் ஊன்றி, அதே பத்தியை அடுத்த கச்சேரி முடிந்து வந்ததும் பதிவு செய்து, இரண்டையும் ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேறாக ஒலித்தால் பேஸைத் திறந்து பாட், நாப், ஸ்ட்ரிங் என்று வரிசையாகப் பாருங்கள். ஒன்றாக ஒலித்தால் பேஸில் குறை இல்லை, மேடையில் எதில் குத்துகிறீர்கள், எவ்வளவு நீளக் கேபிள், எவ்வளவு சத்தம் என்பதைக் கவனியுங்கள். பாட்டின் முதுகில் A-யா B-யா என்பதை மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள், B என்றால் வயரிங் எப்படி மாற்றுவது என்று விளக்குகிறேன்.